வண்டிக்கு இரண்டு, டீக்கு நான்கு

சனிக்கிழமை மாலை மூன்று மணி நாற்பது நிமிடத்துக்கு என் மகளின் வேலை போக ஆரம்பித்தது. நேரம் எப்படி இவ்வளவு துல்லியமாகத் தெரியும் என்றால், அப்போது நான் ஸ்டூல் மேல் ஏறி நின்று சுவர்க் கடிகாரத்துக்கு பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தேன். பழைய பேட்டரியைக் கழற்றிய நொடியில் ஃபோன் அடித்தது. கடிகாரம் இன்றைக்கும் மூன்று நாற்பதிலேயே நிற்கிறது. மறுபடியும் ஸ்டூல் மேல் ஏற எனக்குத் தைரியம் வரவில்லை.

"அம்மா, மாஸ்டர் மாமா என் வேலைக்கு உலை வச்சிட்டார்" என்றாள் ஷாலினி. அவ்வளவுதான் சொன்னாள். பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

மாஸ்டர் மாமா என்று அவள் சொன்னது தேர்டு மாஸ்டரை. எங்கள் தெருவில் எட்டு வீடு தள்ளி இருப்பவர். உலகத்தில் எந்தப் பொருளையும், எந்த மனிதரையும், எந்தக் கடை பிரியாணியையும் முழு மனதோடு நல்லது என்று சொல்லாத ஒரே ஆள் அவர்தான் என்று நான் சத்தியம் செய்வேன். பிரியாணியைக் குறை சொல்லிவிட்டு எங்கள் ஆம்பூரில் ஒருவர் உயிரோடு நடமாடுகிறார் என்றால் அவருடைய துணிச்சலை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. ரேஷன் கார்டில் இருக்கிறதாம். தெருவில் யாருக்கும் தெரியாது. தோல் தொழிற்சாலையில் முப்பத்தைந்து வருஷம் செலக்‌ஷன் மாஸ்டராக இருந்தவர். பதப்படுத்தி வருகிற தோலை மேசையில் விரித்து, தடவி, மடக்கி, மோந்து பார்த்து, எது எந்தத் தரம் என்று பிரிப்பதுதான் அந்த வேலை. குறையே இல்லாதது ஃபர்ஸ்டு. உற்றுப் பார்த்தால் மட்டும் குறை தெரிவது செகண்டு. உண்ணி கடித்த புள்ளியும் முள் கீறிய கோடும் இருந்தால் தேர்டு. அதற்குக் கீழே நாலு, ஐந்து என்று போய், கடைசியில் ரிஜெக்‌ஷன்.

மாட்டுத் தோலைப் பார்த்துப் பார்த்து, மாஸ்டருக்கு உலகமே ஒரு மேசை மேல் விரித்துப் போட்ட மாதிரி ஆகிவிட்டது. கல்யாணப் பத்திரிகை கொடுத்தால் முதலில் காகிதத்தை மடக்கிப் பார்ப்பார். "தேர்டு." புது வீடு கட்டினால் சுவரைத் தடவுவார். "தேர்டு." நான் டீச்சராக இருக்கும் பள்ளியின் ஆண்டு விழாவுக்கு ஒருமுறை அவரை அழைத்துவிட்டேன். முன்வரிசையில் உட்கார்ந்து தலைமை ஆசிரியை பேசி முடித்ததும், கைதட்டல் அடங்கிய அந்த ஒரு நொடி அமைதியில், "செகண்டு கிட்ட வந்துச்சு, கடைசில வுட்டுடுச்சு" என்றார். தலைமை ஆசிரியை அதற்குப் பிறகு என்னிடம் ஒரு வருஷம் தேவைக்கு மட்டும் பேசினார்.

ஷாலினி பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு வந்தார். குழந்தையின் காது மடலைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து மெல்ல உருட்டிப் பார்த்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தேன்.

"தேர்டு" என்றார். என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, "ஆனா நல்ல தேர்டு, டீச்சர்" என்று சேர்த்துக்கொண்டார்.

அவருடைய மனைவி ரோஸி அக்கா ஷூ ஃபேக்டரியில் கடைசிச் செக்கிங்கில் வேலை செய்கிறவர். பெட்டிக்குள் போகிற ஒவ்வொரு ஜோடியையும் பார்த்து அனுப்புபவர். ஆக அந்த வீட்டில் இரண்டு பேருமே குறை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கியவர்கள். தெருப் பெண்கள் அவரைச் சீண்டாத நாள் இல்லை. "இன்னாக்கா, உங்களுக்கு மாஸ்டர் எத்தனாவது செலக்‌ஷன் போட்டார்?" என்பார்கள். அக்கா சிரிப்பார். "அது ஆபீஸ் ரகசியம்டி" என்பார். முப்பது வருஷமாக அந்த ரகசியம் வெளியே வரவில்லை.

இப்படிப்பட்ட மனிதர், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறு மாதம், ஒரு கார் மேல் காதல் கொண்டார்.

சாதாரணக் கார் இல்லை. வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று கொண்டுவரப் போவதாகச் சொன்ன புது ஸ்போர்ட் செடான். கம்பெனியின் பெயரை எழுதக் கூடாது என்பது மகளின் உத்தரவு. பார்க்க அடக்கமான நாலு கதவுக் கார். ஆனால் மூடியைத் திறந்தால் பந்தயக் கார். மாஸ்டரிடம் இருந்ததோ வயதான ஒரு மொபெட். கார் லைசென்ஸும் கிடையாது. பிறகு ஏன் இந்தக் காதல்? அவருடைய கடைசி வருஷத்தில் தோல் வாங்குகிற வெளிநாட்டு பையர் ஒருவர் தொழிற்சாலைக்கு வந்து, கார் சீட்டுக்காக சாம்பிள் தோல் கொஞ்சம் எடுத்துப் போனாராம். கூட வந்த ஆள் பேச்சுவாக்கில் "ஸ்போர்ட் செடான்" என்றாராம். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, அந்தத் தோல் இந்தக் காருக்குத்தான் போயிருக்கிறது என்று மாஸ்டர் முடிவு கட்டிவிட்டார். தோலைத் தேர்ந்து கொடுத்தவர் அவர். ஆகவே காரில் அவருக்கும் பங்கு உண்டு.

இரண்டு வருஷம் காத்திருந்தார். சும்மா காத்திருக்கவில்லை, தெருவையே சேர்த்துக் காக்க வைத்தார். வெளிநாட்டில் எங்கோ ஒரு ரோட்டில், கறுப்பு வெள்ளைச் சுழிகள் அச்சடித்த உறை போர்த்தி அந்தக் காரை ஓட்டிச் சோதிக்கிற வீடியோக்கள் அவர் ஃபோனில் வரும். அவற்றைக் காட்டிவிட்டு விளக்கம் சொல்வார்.

"பாரு டீச்சர், போர்வ போத்திக் கீறான். எங்கியோ ஒரு குற கீது. அத்த மறைக்கிறான்."

"மாஸ்டர், புது டிசைனை வேற கம்பெனிக்காரன் பார்க்கக் கூடாதுன்னு மூடியிருப்பாங்க."

"அதான் நானும் சொல்றேன். குற இல்லாதவன் எதுக்குமா மூடறான்?"

அந்தக் காருக்கு அறுநூறு குதிரைச் சக்தி என்றார். அப்படியானால் உங்கள் மொபெட்டுக்கு எத்தனை குதிரை என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார். மாஸ்டர் கொஞ்சம் யோசித்து, "குதுர இல்ல, அதுல ஒரு ஆடு கீது" என்றார்.

டீக்கடையில் டீ வர நேரமானால், "இந்நேரம் அந்த வண்டி வாணியம்பாடி போய்ட்டு வந்திருக்கும்" என்பார். காரின் அறிமுகம் ஒருமுறை தள்ளிப் போனபோது இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று ரோஸி அக்கா சொன்னார். இரண்டாம் முறை தள்ளிப் போனபோது, "கம்பெனிக்காரன் ரொம்பப் பேஜார் பண்றான்" என்று எங்கள் வீட்டுக்கே வந்து முறையிட்டார், ஏதோ நான்தான் தள்ளி வைத்த மாதிரி. ஒருநாள் காலையில் டேப் வைத்துக்கொண்டு தெருவின் அகலத்தை அளந்துகொண்டிருந்தார்.

"இன்னா மாஸ்டர், ரோடு போடப் போறாங்களா?"

"இல்ல டீச்சர். வண்டி உள்ள திரும்புமான்னு பாத்தேன். திரும்பாது. மொனையில நிக்கட்டும். நாம நடந்து போய் ஏறிக்கலாம்."

"யாரு வண்டி மாஸ்டர்?"

"எவனாவது வாங்குவான் இல்ல?" என்றார்.

இந்த நிலையில்தான் ஷாலினிக்கு வேலூரில் ஹைவே ஓரம் புதிதாகத் திறந்த ஷோரூமில் வேலை கிடைத்தது. எந்தக் கம்பெனி என்று சொல்லத் தேவையில்லை. என் மகள் நியமனக் கடிதத்தைக் காட்டியபோது நான் சம்பளத்தைப் பார்த்தேன். மாஸ்டர் கடிதத்தின் தலையில் இருந்த கார் கம்பெனிச் சின்னத்தைப் பார்த்து, விரலால் தடவி, காகிதத்தை மடக்கினார். "தேர்டு" என்றார். கடிதத்தைத் திருப்பிக் கொடுக்க வெகுநேரம் ஆனது.

"வண்டி வந்தா முதல் ஆளா உங்களத்தான் மாமா கூப்பிடுவேன்" என்றாள் ஷாலினி. அன்றே நான் காலண்டரில் ஆறு மாதத்தை எண்ண ஆரம்பித்தேன்.

ஏனென்றால் அந்த வேலையின் விதிகள் எனக்குத் தெரியும். முதல் ஆறு மாதம் சோதனைக் காலம். ஷோரூமுக்கு வந்து போகிற ஒவ்வொருவரின் ஃபோனுக்கும் ஒரு படிவம் போகும். பத்துக் கேள்விகள். உங்களைக் கவனித்துக்கொண்டவர் மரியாதையாக நடந்தாரா, விவரம் சரியாகச் சொன்னாரா, இந்த மாதிரி. ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து பத்து வரை மதிப்பெண். ஷாலினி எனக்கு அதைச் சுருக்கமாகப் புரியவைத்திருந்தாள்: "பத்துன்னா பாஸும்மா. ஒன்பதுன்னா கேள்வி. எட்டுன்னா மேனேஜர் ரூம். அஞ்சுக்குக் கீழ போச்சுன்னா, சோதனைக் காலத்துல இருக்கறவங்க பையை எடுத்துக்கிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்."

ஐந்து மாதம் இருபத்தெட்டு நாள் அவள் பத்துக்குக் கீழே இறங்கவில்லை. நான் தினமும் கேட்பேன். சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்னால் கேட்பேன். இன்னும் இரண்டு நாள் தாண்டினால் வேலை நிரந்தரம். அந்தச் சனிக்கிழமை பார்த்து கார் வந்து சேர்ந்தது.

"அவரக் கூப்பிடாதடி. திங்கட்கிழமைக்கு மேல கூப்பிட்டுக்கலாம்" என்று வெள்ளிக்கிழமை ராத்திரியே கெஞ்சினேன்.

"ஞாயிறு சாயந்திரம் வண்டி வேற ஊருக்குப் போய்டும்மா. ரெண்டு வருஷமா காத்துட்டு இருக்கார்."

"அவரு ஜனங்களுக்கெல்லாம் மூணு போடறவரு!"

"படிவத்த அவர் திறக்கவே மாட்டார். கார் வீடியோ பாக்க மட்டும்தான் ஃபோன ஆன் பண்ணுவார். பயப்படாத" என்றாள்.

பதினொரு மணிக்கு வரச் சொன்னதற்கு, மாஸ்டர் காலை ஏழு மணி பஸ்ஸையே பிடித்தார். முடி வெட்டியிருந்தார். வெள்ளைச் சட்டை. பாக்கெட்டில் ரோஸி அக்கா இஸ்திரி போட்டு மடித்துக் கொடுத்த கைக்குட்டை. கல்யாணத்துக்குக்கூட அவர் இப்படிக் கிளம்பியதில்லை என்று தெருவே வாசலில் நின்று பார்த்தது.

ஷோரூமில் நடந்ததை ஷாலினி பிற்பாடு சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். கார் ஒரு வட்ட மேடை மேல் மெதுவாகச் சுழன்றுகொண்டிருந்ததாம், மேலே மஞ்சள் விளக்குகளோடு. மாஸ்டர் ஒரு முழுச் சுற்று பார்த்தார். பிறகு சொன்னார்: "இந்த வெளிச்சத்துல பாக்க முடியாதும்மா. வடக்கு வெளிச்சம் வேணும்."

தோல் தொழிற்சாலையில் செலக்‌ஷன் மேசையை வடக்குப் பார்த்த ஜன்னலுக்குக் கீழேதான் போடுவார்கள். வெயில் நேராக விழாத அந்த வெளிச்சத்தில்தான் தோலின் குறை மறையாமல் தெரியுமாம். ஷோரூமில் நின்றுகொண்டு ஒருவர் வடக்கு கேட்டால் வேறு யாராக இருந்தாலும் வாசலைக் காட்டியிருப்பார்கள். என் மகள் ஃபோனில் திசைகாட்டியைத் திறந்து வடக்கைக் கண்டுபிடித்தாள். மேடை சுழன்று, டிரைவர் பக்கக் கதவு வடக்குக் கண்ணாடிக்கு நேராக வந்த நொடியில் நிறுத்தச் சொன்னாள். விளக்கை அணைக்கச் சொன்னாள். மாஸ்டர் வாசலிலேயே செருப்பைக் கழற்றியிருந்தார். இப்போது கைக்குட்டையால் கையையும் துடைத்துக்கொண்டு உள்ளே ஏறினார்.

ஒரு மணி நேரம் சீட்டைத் தடவினார், அமுக்கினார், மோந்தார். தலை சாய்க்கிற இடத்துக்குப் பின்னால் ஒரு புள்ளியைக் கண்டுபிடித்து, "உண்ணி" என்றார். சீட்டுக்கு அடியில் பார்க்க வேண்டும் என்றார். ஷாலினி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்து டார்ச் அடித்தாள். கடைசியில் அவர் கேட்டார்: "இந்தத் தோலு எந்த ஊரும்மா?"

அவளுக்குத் தெரியாது. தெரியாது என்றே சொன்னாள். பிறகு தலைமை அலுவலகத்துக்கு ஃபோன் போட்டு, அவர்கள் வேறு ஒருவரைக் கேட்டு, அவர் இன்னொருவரைக் கேட்டு, நாற்பது நிமிடம் ஃபோனைக் காதில் வைத்தபடி நின்றாள். பக்கத்தில் இருந்த இன்னொரு விற்பனையாளர், "ஆம்பூர்தான்னு சொல்லிடு. பெரியவர் சந்தோஷமா போவார்" என்று காதோடு சொன்னாராம். பதில் வந்ததும் ஷாலினி காருக்குள் குனிந்து, "மாமா, இது நம்ம ஊர் தோல் இல்ல" என்றாள்.

மாஸ்டர் சீட்டைத் தடவுவதை நிறுத்திவிட்டார். இரண்டு கையும் மடியில்.

"மோந்தப்பவே தெரிஞ்சுதுமா" என்றார். "இருந்தாலும் கேட்டேன்."

பிறகு, இன்ஜின் சத்தத்தை ஒரே ஒருமுறை கேட்க முடியுமா என்றார். ஷோரூமுக்குள் இன்ஜினை ஓட விடக் கூடாது. ஷாலினி அனுமதி வாங்கி, வண்டியை மேடையிலிருந்து இறக்கி வெளியே கொண்டுபோக வைத்து, பட்டனை அவரையே அழுத்தச் சொன்னாள். மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். திறந்தபோது கண் கலங்கியிருந்தது.

"இதுல ஆடு இல்ல" என்றார்.

மெஷின் டீ ஒன்று குடித்துவிட்டு பஸ் ஏறிப் போனார். பஸ்ஸில் போகும்போது ஃபோனை ஆன் செய்திருக்கிறார், கார் வீடியோ பார்க்கிற ஆசையில். படிவம் வந்திருந்தது. பத்துக் கேள்விகளுக்கும் வரிசையாக, ஒன்றைக்கூட விடாமல், ஒன்று, ஒன்று, ஒன்று என்று அழுத்தி அனுப்பிவிட்டு ஃபோனை அணைத்துவிட்டார்.

இப்போது நீங்கள் கேட்கலாம், இவ்வளவு விளக்கம் சொன்னவளுக்கு அந்த இடத்திலேயே விஷயம் விளங்கியிருக்க வேண்டாமா என்று. நான் இருபத்தைந்து வருஷமாக விடைத்தாள் திருத்துகிறவள். எனக்குப் பத்துக்கு ஒன்று என்றால் ஒன்றுதான். அதோடு, முப்பது வருஷமாக எதற்கும் தேர்டுக்கு மேல் போடாத மனிதரின் எண்ணுக்கு வேறு என்ன அர்த்தம் தோன்றும்? பதற்றத்தில் எனக்கு ஒரே ஒரு கணக்குத்தான் ஓடியது. மூணு போடுகிறவர் ஒண்ணு போட்டிருக்கிறார். என் பெண் அவரை என்ன செய்தாளோ!

ஸ்டூலிலிருந்து எப்படி இறங்கினேன், வீட்டைப் பூட்டினேனா, தெரியாது. வேலூர் பஸ்ஸில் இருந்தேன். மாஸ்டரின் ஃபோன் அணைந்திருந்தது. ரோஸி அக்காவைக் கூப்பிட்டேன். சனிக்கிழமை ஓவர்டைம். மெஷின் சத்தத்துக்கு நடுவே எடுத்தார்.

"அக்கா! உங்க வீட்டுக்காரர் என் பொண்ணு வேலைய காலி பண்ணிட்டார்! பத்துக் கேள்விக்கும் ஒண்ணு போட்டிருக்கார்!"

"எத்தன?"

"ஒண்ணுக்கா! ஒண்ணு!"

"ஒண்ணா?" மறுபடி கேட்டார். "எல்லாத்துக்குமா?"

"எல்லாத்துக்கும்!"

பக்கத்தில் யாரிடமோ, "இந்த ஜோடியப் பாத்துக்கோ" என்று சொல்வது கேட்டது. "லைன்ல ஃபோன் பேசினா திட்டுவாங்க டீச்சர். நான் நேர்ல வர்றேன்" என்று சொல்லி வைத்துவிட்டார். மன்னிப்புக் கேட்க வருகிறார் என்று நினைத்து எனக்கு இன்னும் அழுகை வந்தது. பஸ் பள்ளிகொண்டா டோல்கேட்டில் நின்றது. இந்நேரம் அந்த வண்டியாக இருந்தால் என்று எனக்கே தோன்றியதுதான் கொடுமை.

ஷோரூமில் ஷாலினி ஒரு ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். கண் மை கன்னத்துக்கு இறங்கியிருந்தது. மேனேஜருக்கு முப்பது வயது இருக்கும். கோட்டு, டை, நல்ல பிள்ளை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

"மேடம், ஷாலினி நல்லா வேலை செய்யற பொண்ணுதான். ஆனா ஆறு மணிக்குள்ள நான் ஹெட் ஆபீஸுக்கு விளக்கம் அனுப்பணும். கஸ்டமர் ஃபோன எடுக்க மாட்டேங்கறார். நான் என்னன்னு எழுதறது?"

"சார், அவர் எல்லாருக்கும் குறைச்சலாத்தான் போடுவார். இவ பொறந்தப்பவே ஆஸ்பத்திரியில வந்து மூணு போட்டார்!"

மேனேஜர் யோசித்தார். "அப்ப அதுலேர்ந்து இப்ப ரெண்டு கொறைஞ்சிருக்கு மேடம்" என்றார்.

"அம்மா, நீ சும்மா இரும்மா" என்றாள் ஷாலினி.

நான் சும்மா இருக்கவில்லை. அவருக்கு வயதாகிவிட்டது என்றேன். அவருக்குக் கண் சரியில்லை என்றேன். அது பச்சைப் பொய். தோலில் ஊசி முனைப் புள்ளியைக் கண்டுபிடிக்கிற கண் அது. மேனேஜர் பொறுமையாக லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார். கீழே கருத்து எழுதுகிற கட்டத்தில் மாஸ்டர் தமிழில் ஒரே வரி எழுதியிருந்தார்.

'வண்டி 2. சீட்டு 3. டீ 4. பொண்ணு 1.'

"பாருங்க மேடம்" என்றார் மேனேஜர், மிகுந்த வருத்தத்தோடு. "எங்க மெஷின் டீக்கே நாலு குடுத்திருக்கார்."

டீயைவிட என் மகள் மூன்று குறைவு. பத்துக்கு ஒன்று வாங்கிய பிள்ளைகளின் அம்மாக்கள் என் மேசைக்கு முன்னால் வந்து எப்படி நின்றிருப்பார்கள் என்று எனக்கு அன்றுதான் விளங்கியது. முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு, சுவரில் எங்கேயோ பார்த்துக்கொண்டு, நானும் அப்படியே நின்றேன். ஐந்து ஐம்பது. மேனேஜர் தட்டச்சு செய்ய ஆரம்பித்தார்.

அப்போதுதான் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு ரோஸி அக்கா வந்தார். ஃபேக்டரியின் நீலக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. கழுத்தில் அடையாள அட்டை, கையில் சாப்பாட்டுப் பை. வாசலில் இருந்த செக்யூரிட்டி பின்னாலேயே ஓடி வந்தார். அக்கா யாரையும் பார்க்கவில்லை. நேராக ஷாலினியிடம் போய், மோவாயைப் பிடித்து முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி, செக்கிங்குக்கு வந்த ஷூவைப் பார்ப்பது மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார்.

"இன்னாடி பண்ண அந்த மனுசன?"

"ஒண்ணுமே பண்ணல அத்தை" என்று ஷாலினி தேம்பினாள். "தோல் எந்த ஊருன்னு கேட்டார். விசாரிச்சுச் சொன்னேன். அவ்ளோதான்."

"நம்ம ஊரு இல்லன்னு சொன்னியா?"

"சொன்னேன்."

அக்கா மோவாயை விட்டார். லேப்டாப்புக்கு முன்னால் வந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த ஒரு வரியைப் படித்தார். இரண்டு தரம் படித்தார்.

"சார், அழிங்க அத" என்றார்.

"கஸ்டமர் போட்டத நாங்க அழிக்க முடியாதும்மா."

"அத்த இல்ல சார். நீங்க அடிச்சிக்கினு இருக்கறத அழிங்க. அவரு தோலு செலக்‌ஷன் மாஸ்டரு. அவருக்கு ஒண்ணுன்னா ஃபர்ஸ்டு. குறையே இல்லன்னு அர்த்தம். நம்பர் ஏற ஏற மட்டம்."

மேனேஜரின் கை நின்றது. கோட்டும் டையுமாக அவர் அந்த வரியை மறுபடி படித்தார். "அப்ப டீ நாலு?"

"அத்தக் குடிக்காதீங்க."

நான் கிடைத்த நாற்காலியில் உட்கார்ந்தேன். ஷாலினி அழுகையை நிறுத்தவில்லை; இப்போது அது வேறு அழுகை. காது மடலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். மேனேஜர் தட்டியதை எல்லாம் அழித்துவிட்டு, செலக்‌ஷன் என்றால் என்ன, எத்தனை தரம், யார் போடுவது என்று அக்கா சொல்லச் சொல்ல எழுதினார். ஐந்து ஐம்பத்தெட்டுக்கு அனுப்பினார். பதில் வருவதற்கு முன்பே எழுந்து ஷாலினிக்குக் கை கொடுத்தார். திங்கட்கிழமை கடிதமும் வந்தது. அதை முதலில் மடக்கிப் பார்த்தவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்தச் சனிக்கிழமை மாலையைத்தான். நாங்கள் கிளம்பும்போது ரோஸி அக்கா மட்டும் வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். வட்ட மேடைக்கு முன்னால் நின்றிருந்தார். அவருடைய கணவர் இரண்டு வருஷம் காத்திருந்த கார் மஞ்சள் வெளிச்சத்தில் மெதுவாகச் சுழன்றுகொண்டிருந்தது. அக்கா அதை ஒரு முழுச் சுற்று பார்த்தார்.

"இதுக்கு ரெண்டா போட்டிருந்தார்?" என்று கேட்டார்.

"ஆமாக்கா, ரெண்டு."

அக்கா சாப்பாட்டுப் பையை இடது கைக்கு மாற்றிக்கொண்டார். சுழன்று கிட்டே வந்த காரின் மூக்கை வலது கையால் ஒருமுறை தட்டிக் கொடுத்தார்.

"நல்ல வண்டியாத்தான் இருக்கும் டீச்சர்" என்றார். "கல்யாணமாயி முப்பத்திரண்டு வருஷம் ஆவுது. எனக்கும் ரெண்டுதான்."